காட்டுமாடு வருது, சத்தம் போடாதே

கலைமதியின் மகள் மிதுலா பிறந்து, தவழ்ந்து, நடந்து, வாய் ஓயாமல் பேசத் தொடங்கிய பிறகும் அந்த வீட்டு வாசலை மிதிக்காத நாத்தனார் ஸ்வேதா, ஆடி மழையோடு பெட்டியும் கையுமாக வந்து இறங்கியதையும், இருந்த ஒரே கட்டிலைப் பிடித்துக்கொண்டதையும் போன அத்தியாயத்தில் பார்த்தோம். புருஷன் வீட்டில் ஒத்துவரவில்லை. கோயமுத்தூரில் அம்மா ஜானகியம்மாளின் வாய்க்குப் பயம். எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருக்கும் அண்ணன் கீர்த்திவாசனை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

தேயிலை பறிக்கிறவள் மகளைக் கட்டிக்கொண்டான் என்று அந்த அண்ணனையே தலைமுழுகியிருந்த குடும்பம் இது. அதில் ஒருத்தி தன் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறாளே என்று கலைமதிக்கு உள்ளூரப் பெருமை. நல்ல கம்பளியாகப் பார்த்து நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்ததைத் தான் போர்த்திக்கொண்டாள். பாவம், வேறு என்ன சொல்ல.

இன்றைக்குத்தான் அந்த நாள். எஸ்டேட்டின் பழைய பிள்ளைக்காப்பகத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, புது ஓடு மாற்றி, மழலையர் பள்ளி என்று பெயர் வைத்து ஒரு தலைமை டீச்சரைப் போடப்போகிறார்கள். கேட்டிருப்பவர்கள் இரண்டு பேர். பல வருடமாக அங்கே குழந்தைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும் கலைமதி ஒருத்தி. கோயமுத்தூரில் படித்த சர்டிபிகேட்டோடு வந்திருக்கும் ஸ்வேதா இன்னொருத்தி. ஆளுக்குக் கொஞ்ச நேரம் குழந்தைகளை விளையாட வைத்துக் காட்ட வேண்டும், மேனேஜர் பிராங்ளின் பார்த்துவிட்டு முடிவு சொல்லுவார் என்று ஏற்பாடு.

நாத்தனாரும் கேட்டிருப்பதில் கலைமதிக்கு வருத்தம் இல்லை. தனக்குத்தான் கிடைக்கும், அவளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று அவள் நினைத்தும் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைகளை விட்டால் அவளுக்கென்று அந்த மலையில் வேறு எதுவும் இல்லை.

"கலை, ஸ்வேதா மொதல்ல செஞ்சுபோடட்டுமே" என்றான் கீர்த்திவாசன், காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரியபடி. "அவளுக்கு இதெல்லாம் புதுசு. உனக்கென்ன, நீ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பண்ணிப்போடுவ."

"அதுக்கென்னங்க, செய்யட்டும்" என்று சிரித்தாள் கலைமதி. புருஷன் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டால் போதும் அவளுக்கு. "உங்க பழைய ஜெர்கின் எங்கீங்க? கொடியில இருந்துச்சு, காணோம்."

"அதா? பழசுன்னு யாருக்கோ குடுத்துட்டேன் கண்ணு."

"ஐயோ, இன்னைக்கு அதை வச்சுத்தான் புது விளையாட்டு காட்டலாம்னு இருந்தேன்."

"வேற ஏதாச்சும் எடுத்துக்க" என்றான் அவன். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

அந்தப் புது விளையாட்டு போன ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. வெளியே மழை விடவில்லை, மிதுலாவின் நச்சரிப்பு தாங்கவில்லை. கொடியில் தொங்கிய அப்பாவின் ஜெர்கினைப் பார்த்ததும் கலைமதிக்கு யோசனை வந்தது. கைப்பகுதியின் நுனியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, உள்ளே ஒரு கேரட், ஒரு சாவி, ஒரு யூகலிப்டஸ் காய் என்று போட்டாள். "கைக்குள்ள யாரு?" என்று பாட்டாகக் கேட்டாள். மிதுலா கண்ணை மூடி, தோள் வழியாகக் கையை விட்டு, தடவித் தடவிப் பெயர் சொன்னாள். வழவழப்பு, சொரசொரப்பு, கனம், லேசு எல்லாம் குழந்தை வாயிலேயே வந்தன. பக்கத்தில் நாற்காலியில் கீர்த்திவாசன் போனும் கையுமாக இருந்தான். ஸ்வேதா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அம்மாவிடமிருந்த சர்டிபிகேட்டை வாங்கி வரக் காலையிலேயே கோயமுத்தூர் பஸ் ஏறியிருந்தாள்.

---

காப்பகத்தில் புதுச் சுண்ணாம்பு வாசம். பிராங்ளின் நடு நாற்காலியில் இருந்தார். வேறு எஸ்டேட்டிலிருந்து மாற்றலாகி வந்த நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், இன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறார். பக்கத்தில் கீர்த்திவாசன் பைலும் கையுமாக. கலைமதி ஆயா மூக்கம்மாவோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஸ்வேதா முதலில் ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்து இரண்டு குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "மிஸ்டு எறங்கிருச்சு, மிஸ்டு எறங்கிருச்சு. யாரையும் காணோம். கொரலைக் கேட்டு ஆளைச் சொல்லு."

கலைமதிக்கு ஒரு நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது. அவளுடைய விளையாட்டு அது. பனிமூட்டம் இறங்கினால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை தெரியாத ஊரில், காதால் ஆளை அடையாளம் காணட்டும் என்று அவள் ஆரம்பித்தது. ஸ்வேதா இங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள், கற்றுக்கொள்ளட்டுமே என்று நினைத்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அடுக்கி எண்ணும் விளையாட்டு அடுத்து வந்தது. அதுவும் கலைமதியுடையதுதான். சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

"என்ன டீச்சர் இது" என்று மூக்கம்மா காதைக் கடித்தாள். "எல்லாம் நம்ம வெளாட்டா இருக்கு?"

"இரு மூக்கம்மாக்கா, பதட்டத்துல தெரிஞ்சதைச் செய்யிறா" என்றாள் கலைமதி. அதை மூக்கம்மாவுக்குச் சொன்னாளோ தனக்குச் சொன்னாளோ.

குழந்தைகளுக்கு எல்லாம் மனப்பாடம், பிசகுமா? ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை பிர்சா, தமிழ் சரியாக வராதவன், அவன்கூட "ரெண்டு இல, ஒரு மொட்டு" என்று டாண் டாண் என்று அடுக்கினான். பிராங்ளின் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"ஒரே நாள்ல எப்படி ஒட்டிக்கிட்டாங்க பாருங்க கீர்த்தி. இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கும்மா?"

"புஸ்தகத்துல இல்லீங் சார்" என்றாள் ஸ்வேதா. அண்ணனை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நானே யோசிச்சதுங்க."

"உங்க தங்கச்சி கெட்டிக்காரிதான்" என்றார் பிராங்ளின்.

"ஆமாங் சார்" என்றான் கீர்த்திவாசன்.

அந்த 'ஆமாங் சார்' கலைமதியின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அவன் பக்கம் பார்த்தாள். அவன் பைலைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்து ஸ்வேதா பைக்குள் கையை விட்டு ஒரு நீல ஜெர்கினை எடுத்தாள். பாக்கெட் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட காவி நிற வடு. அந்த வடுவைப் போட்டதே கலைமதிதான், கல்யாணமான புதுசில்.

"கைக்குள்ள யாரு?" என்று பாடினாள் ஸ்வேதா, அதே ராகத்தில்.

குழந்தைகள் விழித்தார்கள். அவர்களுக்குத் தெரியாத விளையாட்டு. மிதுலா மட்டும் துள்ளி எழுந்தாள். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கேரட்டு."

கலைமதி மகளையும் ஜெர்கினையும் மாறி மாறிப் பார்த்தாள். மற்ற விளையாட்டுகளை இங்கே வந்து யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். இது இந்தச் சுவருக்குள் வந்ததே இல்லை. மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அவள், மிதுலா, அவன். யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றானே, அந்த யாரோ இதோ நிற்கிறாள். எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள்ளேயே இத்தனை நடந்திருக்கிறதா என்று நினைத்தாள்.

இத்தோடு விட்டிருந்தால்கூட அழுது முடித்திருப்பாள்.

"கடைசியா ஒண்ணுங் சார்" என்றாள் ஸ்வேதா. உற்சாகம் ஏறியிருந்தது. கையைக் கொம்பு போல வைத்துக்கொண்டாள். "காட்டுமாடு வருது."

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அறை கப்சிப் என்றாகிவிட்டது. ஒவ்வொரு குழந்தையும் பக்கத்துக் குழந்தையின் கையைத் தேடிப் பிடித்தது. முகத்தைத் திருப்பாமல், வாயைத் திறக்காமல், எல்லாருமாக ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து, முதுகு சுவரில் ஒட்டியதும் நின்றார்கள்.

பேக்டரி வாட்ச்மேன் வீரையா போன வருடம் தேயிலைக்குள் காட்டுமாட்டைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார், அது துரத்தி முட்டிவிட்டது. இன்றைக்கும் கட்டையை ஊன்றித்தான் நடக்கிறார். அதற்குப் பிறகு கலைமதி கட்டிய விளையாட்டு இது. ஓடக்கூடாது, கத்தக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது என்று சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் ஏறுமா? அதனால் ஆட்டமாக்கினாள். தினமும் மதியச் சோற்றுக்கு முன்னால் ஒரு தடவை.

"என்னம்மா, குழந்தைங்க பயந்துட்டாங்க?" என்றார் பிராங்ளின்.

ஸ்வேதா திணறினாள். அண்ணன் போனில் அனுப்பிய படத்தில் எப்படி நடக்கிறார்கள் என்பது தெரிந்தது, ஏன் நடக்கிறார்கள் என்பது அதில் இல்லை. "இல்லீங் சார், இப்பப் பாருங்க. காட்டுமாடு வந்தா நாம என்ன பண்ணோணும்? ஓ-ன்னு கத்தி ஓடோணும். ஓடு, ஓடு, ஓடு." மிதுலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள். சொந்த அத்தை கூப்பிட்டால் மிதுலா ஓடமாட்டாளா? அவள் பின்னால் பிர்சா, அவன் பின்னால் ஒவ்வொன்றாக. கிறீச்சிட்டுச் சிரித்து ஓடின குழந்தைகள்.

பிராங்ளின் கை தட்டினார்.

கலைமதி எழுந்துவிட்டாள். கீர்த்திவாசன் அவளைப் பார்த்தான், லேசாகத் தலையை ஆட்டினான். உட்காரு என்று அர்த்தம். அவள் உட்காரவில்லை.

"சார், அது தப்புங்க சார். ஓடக்கூடாதுங்க. பசங்களா, டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தேன்? காட்டுமாடு வந்தா ஓடினா அது முட்டிரும்."

"மேடம்" என்றார் பிராங்ளின், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "சிரிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைங்களை எதுக்குப் பயமுறுத்துறீங்க? உங்க நேரம்தான் இது. புதுசா வேற ஏதாவது இருந்தா காட்டுங்க."

வேறு என்ன காட்டுவாள்? எதை எடுத்தாலும் இப்போது அது நாத்தனாரைப் பார்த்துச் செய்ததாகத்தான் இருக்கும். "எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள்.

ஸ்வேதா தலைமை டீச்சர், கலைமதி உதவிக்கு என்று அங்கேயே முடிவாயிற்று.

---

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கீர்த்திவாசனைப் பிடித்தாள் கலைமதி.

"ஜெர்கினை யாருக்கோ குடுத்துட்டேன்னீங்க."

"ஸ்வேதா யாரோவா?"

"அந்த ஞாயித்துக்கெழமை அவ ஊர்லயே இல்லீங்க."

அவன் தொட்டியின் குழாயைத் திறந்தான், மூடினான். "வீடியோ எடுத்து அனுப்புனேன். இங்க நீ பசங்களோட ஆடுறதையும் அப்பப்ப எடுத்து அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீங்க ஜன்னல் வழியா எடுக்கிறப்பெல்லாம், எம்மேல ஆசையா எடுக்கிறீங்கன்னு நெனச்சேனுங்க." அவன் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தாள். "போனவாட்டி தலைகூடச் சீவிக்கிட்டு வந்தேன்."

"கலை, அவளுக்கு ஒரு பிடிப்பு வேணுமில்ல. வாழாம வந்து நிக்கிறா. அம்மா இத்தனை வருசம் கழிச்சு எங்கிட்டப் பேசுச்சு. தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணுடா, நான் உன்ற ஊட்டுக்கு வர்றேன்னு சொல்லுச்சு. உனக்கென்ன, இன்னும் நூறு விளையாட்டு தோணும்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

அவன் மறுபடியும் குழாயைத் திறந்தான்.

"சரி, அது போகட்டுங்க" என்றாள் அவள், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு. "வேலையும் அவளுக்கே போகட்டும். அந்த ஓடுற ஆட்டத்தை மட்டும் இப்பவே மாத்தச் சொல்லுங்க. நான் சொன்னா பொறாமைம்பா. நீங்க சொல்லுங்க."

"சொல்றேன் சொல்றேன். இன்னைக்கு வேண்டாம், பாவம், சந்தோசமா இருக்கா."

---

சாயங்காலம், கொழுந்தை எடை போட்டு முடித்து அம்மாமார் வந்துகொண்டிருந்த நேரம். மழை விட்டுப் புல்லெல்லாம் ஈரம். குழந்தைகள் முற்றத்தில் இருந்தார்கள். பாதை ஓரத்துத் தடுப்புச்சுவர் அருகே பிராங்ளின், கீர்த்திவாசன், ஸ்வேதா மூவரும் பெயர்ப்பலகையை எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேயிலைச் செடிகள் அசைந்தன. கறுப்பாக ஒரு முதுகு எழுந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே மலை மாதிரி உடம்பு. ஒற்றைக் கடா. முற்றத்தின் ஓரத்தில் கால் வைத்து நின்று மூச்சு விட்டது.

"காட்டுமாடு வருது" என்றாள் கலைமதி, மெல்ல, தினமும் சொல்கிற அதே குரலில்.

அவளுக்கு அருகில் இருந்த பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். தள்ளி நின்றவர்களுக்குக் காலை ஆட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. மிதுலா ஓ-வென்று கத்தினாள். கத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்து ஓடினாள். அவள் பின்னால் பிர்சாவும் இன்னும் சிலரும்.

கடா தலையைத் தாழ்த்தித் திரும்பியது. பிர்சா ஈரப் புல்லில் வழுக்கி முகம் குப்புற விழுந்தான்.

கலைமதியால் கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. தன் கையைப் பிடித்திருந்த குழந்தைகளோடு அவள் பின்னால்தான் நடக்க வேண்டும். தான் பெற்றது அந்தப் பக்கம் ஓடுகிறது. பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

ஸ்வேதா அலறத் திறந்த வாயைக் கீர்த்திவாசன் பொத்தினான். முன்னால் வந்து ஒரு கையால் மிதுலாவைப் பிடித்தான். இன்னொரு கையால் பிர்சாவைத் தூக்கி நிறுத்தினான். மாட்டுக்கு முதுகைக் காட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தான். மற்ற குழந்தைகளும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். முதுகு சுவரில் ஒட்டியதும் நின்றான்.

கடா கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு செடிகளை மிதித்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கிப் போயிற்று.

பிர்சாவின் மோவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் அம்மா அவள் பாஷையில் அழுதுகொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே அத்தனை தாய்மாரும், யூனியன் தலைவர் செல்லையாவும். கலைமதியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் செல்லையா. அவருக்கும் மூச்சு வாங்கியது.

"மாட்டைப் பார்த்துப் புள்ளைக கத்திக்கிட்டு ஓடுதுகளே. எவன் சொல்லிக் குடுத்தது இதை?"

காலையில் கை தட்டிய பிராங்ளின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்வேதா அண்ணனின் முழங்கையைப் பிடித்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"கேக்குறேன்ல? யாரு விளையாட்டு இது?"

"கலையோடதுங்க" என்றான் கீர்த்திவாசன். "காட்டுமாடு விளையாட்டு எப்பவும் கலைதான் வெக்கும்."

காலையிலிருந்து அந்த விளையாட்டு அவளுடையது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இப்போது வந்தது. எத்தனையோ தாங்கியவள்தான் கலைமதி, ஆனால் இந்த அடிக்கு அவள் தயாராக இல்லை. தாய்மார் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், சின்ன வயசிலிருந்து பார்த்த முகங்கள். மூக்கம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கலைமதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படியா பாப்பா?" என்றார் செல்லையா. "ஆமாவா இல்லையா, நீயே சொல்லு."

கலைமதி குழந்தைகளின் கையை விட்டுவிட்டு முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அவன் எப்படிப் பின்னால் நடந்தான் என்பதுதான் கண்ணிலேயே நின்றது. ஓர் அடி பிசகவில்லை. அப்படியானால் எது சரி என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனையும் தெரிந்துகொண்டேதான் காலையில் பைலைப் புரட்டியிருக்கிறான்.

"ஆமா மாமா, என் விளையாட்டுதான்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

"ஏனுங்க, இப்ப மாட்டு முன்னாடி எப்படி நடந்தீங்களோ, அதே மாதிரி இவங்களுக்கு ஒருக்கா நடந்து காட்டுங்க. அதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னும், காலைல பசங்களை ஓடச் சொன்னது யாருன்னும் நீங்களே சொல்லுங்க."

கீர்த்திவாசன் சுவரில் ஒட்டிய முதுகோடு நின்றான். ஒரு முழங்கையில் தங்கச்சியின் பிடி இறுகியிருந்தது. மறு கை விரலை மிதுலா பிடித்து இழுத்தாள்.

"வாங்கப்பா" என்றாள் குழந்தை. "அம்மா கேக்குதுல்ல."